ஒரு நட்சத்திரக் குறி

ஐஸ் பெட்டியின் கண்ணாடி மறுபடியும் பனித்துவிட்டது. சூர்யகலா முந்தானையால் அதைத் துடைத்தாள். முதலில் அப்பாவின் நெற்றி தெரிந்தது. இன்னும் கொஞ்சம் துடைத்ததும் பஞ்சு வைத்த மூக்கும் ஒருபக்கமாகக் கோணிய வாயும் தெரிந்தன. வருகிறவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். காலையிலிருந்து அவள் செய்துகொண்டிருந்த வேலை அது ஒன்றுதான். சுற்றிலும் எல்லோரும் அழுது ஓய்ந்திருந்தார்கள். அவளுக்கு இன்னும் அழுகை வரவில்லை.

"கண்ணு தெரியல பாரு, நல்லாத் தொடம்மா," என்றாள் சரஸ்வதி அத்தை. அப்பாவுடன் பிறந்த ஒரே தங்கை. அம்மா போனபிறகு இந்த வீட்டின் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அத்தைதான் முன்னால் நிற்பாள்.

தெருவை அடைத்துப் போட்டிருந்த பந்தலில் உப்பளத்து ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா கலியன் செத்துப்போன சேதி கேட்டுப் பாதி வேலையில் வந்தவர்கள். முழங்கால் வரை உப்பு காய்ந்து வெளுத்திருந்தது. உப்பளத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டாரைக் கலியன்தான் பார்த்துக்கொண்டார். முந்தாநாள் மோட்டார் கொட்டகையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரைப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நேற்று சாயங்காலம் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தார். விடியும்போது இல்லை.

கடலோரத்து அனுமந்தையிலிருந்து மேரிசெல்வி வந்தாள். இந்தத் தெருவுக்குக் காலம் காலமாக மீன் கொண்டுவருகிறவள். பெட்டியின் மேல் இரண்டு கையையும் விரித்துப் போட்டு, "எண்ணா, முந்தாநாளு கெழங்கா மீனு கேட்டியே, எடுத்தாந்து யாருக்குத் தருவேன்," என்று அவள் குரலெடுத்தபோது, எங்கிருந்தோ சங்கு ஊதும் சத்தம் கேட்டது.

"சங்கு ஊதறவன் இன்னும் வரலியே," என்று அத்தை திரும்பிப் பார்த்தாள்.

சூர்யகலாவுக்கு அந்தச் சத்தம் தெரியும். அது மேரிசெல்வியின் இடுப்புப் பையிலிருந்து வந்தது. ஆரோவில் பக்கத்தில் சூர்யகலா வேலை செய்யும் சின்ன அலுவலகத்தில், அவளும் உடன் வேலை செய்யும் ஜான்சியும் சேர்ந்து தேர்ந்தெடுத்த சத்தம் அது. கடலோர ஊர்களுக்காக அவர்கள் நடத்தும் 'கரைச்சேதி' ஆப்பில் ஆபத்தான எச்சரிக்கை வந்தால் மட்டும் அப்படி ஒலிக்கும். காற்று, மழை, மீன் விலைக்கெல்லாம் வேறு சத்தம்.

"அக்கா, போனை எடு," என்றாள்.

"கெடக்குது வுடும்மா."

"எடுக்கா. இன்னா வந்துருக்குதுன்னு பாரு."

மேரிசெல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்துப் பார்த்தாள். ஒன்றும் புரியாமல் சூர்யகலாவிடமே நீட்டினாள். சிவப்புப் பட்டையின் கீழே வரிவரியாகக் கேள்விக்குறிகள். நடுவில் ஒரு எண், ஒரு முற்றுப்புள்ளி, மறுபடியும் கேள்விக்குறிகள். ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை.

அனுமந்தையிலிருந்து வந்து பந்தல் ஓரத்தில் நின்ற பையன்கள் இரண்டு பேரும் தங்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இன்னாடா இது, ஓடிபி கணக்கா," என்றான் ஒருவன். மற்றவன் அதைத் தள்ளிவிட்டுப் போனைச் சட்டைப்பைக்குள் போட்டான்.

சூர்யகலா போனை மேரிசெல்வியிடம் திருப்பிக் கொடுத்தாள்.

நேற்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அப்பாவின் கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அவள் ஒரு வேலை செய்தாள். அலுவலகத்துக்கு உதவி செய்யும் பிரெஞ்சுக்காரர்களுக்கு மாதா மாதம் ஒரு அறிக்கை போகும். அவர்களிடம் இருப்பது பழைய காலத்து மென்பொருள். அதற்குப் பழைய மேற்கத்திய எழுத்துமுறை மட்டும்தான் தெரியும். இப்போது உலகம் முழுக்கப் புழங்கும் யூனிகோடைக் கொடுத்தால் அவர்கள் பெயர்களே அவர்களுக்குக் கோணல்மாணலாகத் தெரியும். அலுவலகத்தின் எல்லாக் கோப்புகளும், யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற வரலாற்றோடு, 'கிட்' என்ற மென்பொருளில் இருந்தன. அதில் ஒரு செட்டிங் உண்டு. கோப்பை வெளியே எடுக்கும்போது எந்த எழுத்துமுறைக்கு மாற்றி எடுக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதி வைத்தால் போதும். அறிக்கை இருக்கும் போல்டருக்கு மட்டும் அதை எழுதச் சொல்லி ஜான்சி கேட்டிருந்தாள்.

அவள் எழுதினாள். கூடவே, எச்சரிக்கை வாசகங்கள் இருந்த கோப்பில் ஒரு ஒற்று விட்டுப்போயிருந்ததைப் பார்த்து அதையும் திருத்தினாள். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து அனுப்பப் போன நேரத்தில்தான் அப்பா, "கலா, அந்த ஃபேனைக் கொஞ்சம் கொறைம்மா, குளுருது," என்றார்.

"இதோ முடிச்சிட்டேம்பா," என்றாள்.

முடித்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு தூங்கியிருந்தார். பிறகு அவர் பேசவில்லை.

இப்போது யோசித்தபோது அந்த வரி கண்முன் அப்படியே நின்றது. போல்டரின் பெயரை எழுதவில்லை. வெறும் நட்சத்திரக் குறி போட்டு விட்டிருந்தாள். நட்சத்திரம் என்றால் எல்லாக் கோப்பும். எச்சரிக்கைகளை அனுப்பும் சர்வர் அந்த வரியை நம்பித் தமிழ் வாசகங்களையும் பழைய மேற்கத்திய எழுத்துக்கு மாற்றப் பார்த்திருக்கும். அந்த எழுத்துமுறையில் தமிழே கிடையாது. இல்லாத எழுத்துக்கெல்லாம் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கும். அதன்பிறகு இன்றுதான் முதல் எச்சரிக்கை.

தன் போனில் கடல் நிலவரம் சொல்லும் அரசாங்கப் பக்கத்தைத் திறந்தாள். பேரலை. மரக்காணத்திலிருந்து தெற்கே முழுக்க. சாயங்காலம் வரை. எங்கோ ஆழ்கடலில் அடித்த புயலின் அலை இங்கே வந்து சேரும். கரையில் காற்று இருக்காது, மேகம் இருக்காது. பந்தலுக்கு வெளியே சித்திரை வெயில் கண்ணைக் கூசவைத்தது. ஒரு இலைகூட அசையவில்லை. இப்படி ஒரு நாளில் கடலைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வராது.

"அக்கா, மாமா எங்க?"

"எங்க இருப்பாரு, தொழிலுக்குப் போயிருக்காரு. இப்ப கரைக்கு வர்ற நேரந்தான். ஏம்மா?"

"போன் போட்டு வர வேணாம்னு சொல்லு. கரையாண்ட அலை தூக்கி அடிக்குமாம். போட்டோட வந்தா கவுத்துடும். வெளியவே நிக்கச் சொல்லு."

மேரிசெல்வியின் முகம் மாறியது. எழுந்து பந்தலுக்கு வெளியே ஓடினாள். போனைக் காதில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். "லைன் போவல," என்று அங்கிருந்தே கத்தினாள். அவள் கணவன் சவரிமுத்துவின் போன் கரைக்கு நெருங்கினால்தான் பேசும். ஆப்பின் செய்தி என்றால், ஒரு நொடி சிக்னல் கிடைத்தாலும் உள்ளே போய் விழும். சங்கு ஊதும். ஆனால் போய் விழுவது கேள்விக்குறி.

ஜான்சியைக் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அப்பாவுக்கு மாலை வாங்கிக்கொண்டு அவள் ஸ்கூட்டரில் இங்கேதான் வந்துகொண்டிருந்தாள். அலுவலகத்தில் வேறு யாரும் இல்லை. எச்சரிக்கையைக் கையால் தட்டச்சு செய்து அனுப்பவும் ஆப்பில் ஒரு வழி வைக்க வேண்டும் என்று இருவரும் பேசியதோடு சரி.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பை உள்ளறையில் கட்டிலுக்கடியில் கிடந்தது. அப்பாவின் வேட்டிக்கும் பிளாஸ்க்குக்கும் கீழே இருந்து லேப்டாப்பை உருவினாள். வீட்டுக்குள் சிக்னல் நிற்காது. பின்பக்கமாகப் போய் மாடிப்படி ஏறினாள்.

மொட்டைமாடியின் தளம் காலைச் சுட்டது. கிழக்கே உப்புப் பாத்திகள் கண்ணாடித் துண்டுகளைப் பரப்பியதுபோல எரிந்தன. அதற்கப்பால் சவுக்குத் தோப்பு, அதற்கும் அப்பால் கடல் ஒரு கோடாகத் தெரிந்தது. அந்தக் கோட்டில் எந்த வித்தியாசமும் இல்லை. தண்ணீர்த் தொட்டியின் ஓரம் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். வெயிலில் திரையில் அவள் முகம்தான் தெரிந்தது. புடவையைத் தலைக்கும் திரைக்குமாகப் போர்த்திக்கொண்டு உள்ளே குனிந்தாள்.

கீழே மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள். பறையைக் காய்ச்சித் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. போனிலிருந்து இணையம் வந்தது, போனது, வந்தது. அவசரத்தில் கடவுச்சொல்லைத் தப்பாக அடித்தாள். நிதானமாக இன்னொரு முறை அடித்தாள். அந்த வரி அங்கே இருந்தது. அவள் நினைத்தது சரி. நட்சத்திரம், அதன் பக்கத்தில் எழுத்துமுறையின் பெயர். நட்சத்திரத்தை அழித்து அறிக்கை போல்டரின் பெயரை எழுதினாள். எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்து அனுப்பினாள். அனுப்புவதற்கே வெகுநேரம் பிடித்தது. பிறகு எச்சரிக்கையை மறுபடி விடச் சொல்லும் பொத்தானை அழுத்தினாள்.

தெருவில் சங்கு ஊதியது. ஒரு போனில், அப்புறம் இன்னொன்றில். மேரிசெல்வி பந்தலுக்கு வெளியே நின்று மேலே பார்த்தாள்.

"அதேதான் வருது கலா! கேள்விக்குறிதான் வருது!"

பறை முழுவீச்சில் தொடங்கியது.

சூர்யகலா அந்த வரியை மறுபடி படித்தாள். வரி சரியாக இருக்கிறது. சேர்ந்துவிட்டது என்று சர்வரும் சொல்கிறது. பிறகு ஏன்? தலையில் ஒன்றும் ஓடவில்லை. தண்ணீர்த் தொட்டியின் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டாள். கீழே, "பொண்ணு எங்க? எண்ணெ வைக்கப் பொண்ணக் கூப்புடு," என்று யாரோ கேட்டார்கள். "கலா! ஏண்டி கலா!" அத்தையின் குரல்.

படியில் காலடி கேட்டது. அண்ணன் மணிவண்ணன். குளித்துவிட்டு ஈர வேட்டியோடு, தோளில் ஈரத் துண்டோடு வந்து நின்றான். அவனுடைய கண்கள் லேப்டாப்பைப் பார்த்தன, அவளைப் பார்த்தன.

"இன்னா பண்ற?"

அவள் புடவையைத் தலையிலிருந்து விலக்கினாள்.

"அப்பாவ வெளிய எடுத்து வச்சிருக்குது. தலைக்கு எண்ணெ வைக்கப் பெத்த பொண்ணக் காணோம்னு ஊரே கேக்குது. நீ மாடியில குந்திகினு ஆபீஸ் வேலை பாக்குறியா? வெக்கமா இல்ல?"

"அண்ணா, கடல்ல ஆளுங்க இருக்காங்க."

"அதுக்கு?"

"அலை வருதுன்னு சேதி போகணும். தமிழ் எழுத்தே போகல. நான்தான்... நேத்து அப்பா பக்கத்துல ஒக்காந்து ஒரு செட்டிங்க மாத்துனேன். தப்பாப் பண்ணிட்டேன். மேரிசெல்விக்கா வூட்டுக்காரரு கரைக்கு வந்துகினு இருக்காரு. இன்னும் எத்தினி பேருன்னு தெரியல. சரி பண்ணேன், அப்பவும் வரல. ஏன்னு தெரியல."

மணிவண்ணன் கடல் பக்கம் பார்த்தான். பிறகு தெருவைப் பார்த்தான். கீழே மேரிசெல்வி போனைக் காதில் வைத்தபடி இங்கேயும் அங்கேயும் நடந்துகொண்டிருந்தாள்.

"ராவு காலத்துக்கு முன்ன எடுத்தாகணும் கலா. ரொம்ப நேரம் நிறுத்த முடியாது."

"நீ போ அண்ணா. செய்ய வேண்டியதச் செய்."

அவன் போகவில்லை. தோளிலிருந்த துண்டை எடுத்துப் பிழிந்து, உதறி, இரண்டு கையாலும் விரித்து அவள் தலைக்குமேல் பிடித்தான். திரையில் சட்டென்று நிழல் விழுந்தது. எழுத்துகள் தெளிந்தன. அவள் அண்ணாந்து பார்த்தாள். அவன் அவளைப் பார்க்காமல் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாரு. சீக்கிரம் பாரு," என்றான்.

அந்த நிழலில் அவள் மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். நேற்று என்ன செய்தாள்? வரியை எழுதினாள். வாசகக் கோப்பில் ஒரு ஒற்றெழுத்தைத் திருத்தினாள். கோப்பில் மாற்றம் இருந்ததால் சர்வர் அதைப் புதிதாக வெளியே எடுத்தது, எடுக்கும்போது கெடுத்தது. இன்று வரியை மட்டும்தான் மாற்றியிருக்கிறாள். கோப்பைத் தொடவில்லை. கோப்பு மாறவில்லை என்றால் சர்வர் அதைத் திரும்ப எடுக்காது. கெட்டுப்போன பழைய நகலையே வைத்துக்கொண்டிருக்கிறது.

"கோப்ப மாத்தணும்," என்றாள் தனக்குத்தானே. வாசகங்களைத் திறந்தாள். எதை மாற்றுவது? எதையாவது. பேரலைக்கான வாசகத்தில் "கரைக்கு வர வேண்டாம்" என்பதற்கு முன்னால் "தயவுசெய்து" என்று ஒரு வார்த்தை சேர்த்தாள். அனுப்பினாள்.

கீழே பறை நின்றது. "மணிவண்ணா! மொகத்த மூடணும்பா, வா! எங்கப்பா போன?" என்று ஒரு ஆண் குரல் கேட்டது.

துண்டு அசைந்தது. "நான் போறேன் கலா," என்றான். "கொஞ்ச நேரம் நிறுத்தப் பாக்குறேன்." துண்டைத் தொட்டியின் விளிம்பிலிருந்து அவள் தலைவரை இழுத்து மூடிவிட்டு, படியில் தடதடவென்று இறங்கினான்.

அனுப்பியது போய்ச் சேரும்வரை அவள் கைப்பிடிச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். தெருவின் நடுவே பலகையில் அப்பாவைப் படுக்க வைத்திருந்தார்கள். மேலிருந்து பார்க்க அவர் ரொம்பச் சின்னதாக இருந்தார். அவள் வைக்க வேண்டிய எண்ணெயை அத்தை வைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் நடுவில் போய் நின்று ஏதோ சொன்னான். வயசானவர் ஒருவர் கையை ஆட்டி மறுத்தார். சேர்ந்துவிட்டது என்று திரை சொன்னது. அவள் பொத்தானை அழுத்தினாள்.

தெருவில் சங்கு ஊதியது.

மேரிசெல்வி போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். பிறகு அந்தத் தெருவே கேட்கும்படி, எழுத்துக் கூட்டிப் படிக்கும் பள்ளிப்பிள்ளையைப்போல, உரக்கப் படித்தாள்.

"எச்சரிக்கை. இன்று மாலை 5 மணி வரை... கரையோரம் அலை மிக உயரமாக எழும்பும். கடலில் இருப்பவர்கள்... அலை தணியும் வரை... தயவுசெய்து கரைக்கு வர வேண்டாம்."

அனுமந்தைப் பையன்கள் இருவரும் பைக்கை நோக்கி ஓடினார்கள். "போட்ட மேல ஏத்தணும்டா, எல்லாருக்கும் போனப் போடு!" ஒருவன் ஓடிக்கொண்டே பேசினான்.

சூர்யகலா லேப்டாப்பை அப்படியே விட்டுவிட்டு இறங்கினாள். படி சுட்டது தெரியவில்லை. உள்ளறை, கூடம், வாசல். வாசலில் பெண்கள் நெருக்கியடித்து நின்றார்கள். விலக்கிக்கொண்டு முன்னால் போனபோது பாடை தோளுக்கு ஏறிவிட்டது. அப்பாவின் மேல் மாலைக்குமேல் மாலை. கோடித்துணி முகம்வரை வந்து மூடியிருந்தது.

"இருங்கப்பா, இருங்க. பொண்ணு அரிசியாவது போடட்டும்," என்று அத்தை அவள் கைக்குள் ஒரு பிடி அரிசியைத் திணித்தாள்.

வாயில் போட வேண்டிய அரிசி. அவள் கையை உயர்த்தி வீசினாள். அரிசி சாமந்தி மாலைமேல் விழுந்து, சறுக்கி, தூக்கிப்போகிறவர்களின் தோளில் சிதறியது. தீச்சட்டியோடு முன்னால் நடந்த மணிவண்ணன் திரும்பவில்லை. கொள்ளி வைக்கப் போகிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. பறை உப்பளத்துப் பாதையில் இறங்கியது. பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட்டார்கள்.

அப்போதுதான் ஜான்சி ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். ஹெல்மெட்டைக் கழற்றாமலே, கையில் மாலையோடு நின்றாள். "சாரிடி. போன் டிக்கியில இருந்துச்சு, இப்பதான் பாத்தேன். நான் பாத்திருக்கணும். செக் பண்ணாம விட்டது நான்தான்," என்றாள். சூர்யகலா அவள் கையிலிருந்த மாலையை வாங்கிக்கொண்டாள். அதை எங்கே வைப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை.

பெண்களெல்லாம் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள். வீட்டைக் கழுவிவிட்டார்கள். பக்கத்து வீட்டிலிருந்து சோறும் குழம்பும் வந்தன. சூர்யகலா ஈரத் தலையோடு கூடத்தின் மூலையில் உட்கார்ந்திருந்தாள். யார் போன் அடித்தாலும் தலை திரும்பியது.

வெயில் தாழ்ந்தபிறகு மேரிசெல்வி கூப்பிட்டாள். பின்னால் கடலின் இரைச்சல் கேட்டது.

"வந்துட்டாரும்மா. வெளியவே நின்னுகினு இருந்தாராம். சங்குச் சத்தம் கேட்டுப் பாத்தாராம். மொதல்ல வந்தது புரியலன்னு மெள்ள வந்துகினுதான் இருந்தாராம், அப்புறம் வந்ததப் படிச்சிட்டு மோட்டார நிறுத்திட்டாரு. முன்னாடி வந்த போட்டு ஒண்ணு கவுந்துடுச்சி. நம்ம செந்தமிழு போட்டு. கை ஒடஞ்சிபோச்சி அவனுக்கு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போயிருக்காங்க. உசுருக்கு ஒண்ணுமில்ல."

"எப்ப கவுந்துச்சுக்கா?"

"அதான், மொத சங்கு வந்துச்சே. அப்புறம்."

சூர்யகலா கணக்குப் பார்த்தாள். முதல் சங்குக்கும் மூன்றாவது சங்குக்கும் நடுவே. அவள் மாடியில் இருந்தபோது.

"நீ எதுவும் மனசுல வச்சிக்காத," என்றாள் மேரிசெல்வி. "சாப்ட்டியா?"

"ம்."

அவள் சாப்பிடவில்லை.

சுடுகாட்டுக்குப் போன ஆண்கள் திரும்பினார்கள். வாசலில் கால் கழுவிவிட்டு ஒவ்வொருவராக விளக்கைப் பார்த்துக் கும்பிட்டுப் போனார்கள். கடைசியாக மணிவண்ணன் வந்தான். தலையும் மீசையும் மழித்திருந்ததில் அவன் யாரோபோல இருந்தான். அப்பாவின் பழைய போட்டோ ஒன்றில் இருப்பவரைப்போலவும் இருந்தான். வந்து அவள் பக்கத்திலேயே, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"வந்துட்டாரா?" என்றான்.

"வந்துட்டாரு. செந்தமிழுக்குக் கை ஒடஞ்சிடுச்சாம்."

அவன் தலையாட்டினான். அத்தை இரண்டு தம்ளர் காபியைக் கொண்டுவந்து இருவருக்கும் நடுவே வைத்துவிட்டுப் போனாள்.

அவன் காதுக்கு மேலே சவரக் கத்தி பட்டு ஒரு இடத்தில் கீறியிருந்தது. அங்கிருந்து ரத்தம் மெல்லிய கோடாக இறங்கிக் கழுத்தருகே காயாமல் நின்றது. சூர்யகலா முந்தானையின் நுனியைத் தண்ணீரில் நனைத்து அதில் ஒற்றினாள். அவன் பல்லைக் கடித்தபடி, அவளுக்கு எட்டும்படி, தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொடுத்தான்.